நின்றதும் எழுதுகிறேன்

மகனுக்குப் பதினெட்டு முடிந்த வாரம்
பழைய டொயோட்டாவின் சாவியைக் கொடுத்தேன்,
ஒரே ஒரு நிபந்தனை.
வேகமானி பத்தைத் தாண்டினால்
கைபேசி வாயை மூடிக்கொள்ள வேண்டும்.
அதற்கென்று ஒரு செயலி இருக்கிறது.
காப்பீட்டுக்காரர்களே தருகிறார்கள்,
ஒழுங்காக ஓட்டினால் தவணையிலும் கொஞ்சம் குறைப்பார்கள்.

ஐலிஃப் காபிக் கோப்பையைச் சுழற்றிக்கொண்டே கேட்டான்:
"நீயும் போட்டுக்கொள்வாயா?"
"இருபத்தாறு வருடமாக இந்த மேட்டில் பனி வாருகிறேன்" என்றேன்.
அது பதிலில்லை என்று இருவருக்கும் தெரியும்.

அவனிடம் சொல்லாதது ஒன்று உண்டு.
போன ஜனவரி, ஸ்கைடிக்கு இந்தப் பக்கம்,
பள்ளத்தில் தலைகீழாக ஒரு சின்ன நீலக் கார்.
பெண் பிழைத்துவிட்டாள், இடுப்பெலும்போடு போயிற்று.
முதலில் போய்ச் சேர்ந்தவன் நான்.
அந்த இருட்டில் எனக்கு வழி காட்டியது
இருக்கைக்கடியில் எரிந்துகொண்டிருந்த திரை.
அதில்
"இதோ வந்து"
என்பதோடு நின்றிருந்தது வாக்கியம்.
பக்கத்தில் சிறு கோடு ஒன்று துடித்துத் துடித்து
அடுத்த எழுத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது.

எண்பதில் போகும்போது நான்கு விநாடி என்பது
எண்பத்தொன்பது மீட்டர்.
கணக்கில் நான் மோசமில்லை.

ஏப்ரல் கடைசி. கரையில் வசந்தம் வந்துவிட்டது,
சென்னலாந்தெத் மேட்டுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை.
ஐந்து மணிக்கு அவன் அல்தாவிலிருந்து கிளம்பினான்.
ஐந்தரைக்குக் காற்று திரும்பியது.
மேட்டின் மறுபக்கம், அலகை இறக்கி வாரிக்கொண்டிருந்தேன்.

எங்கே இருக்கிறாய், என்று எழுதினேன்.
கையை எடுக்குமுன் பதில்:
"வண்டி ஓட்டுகிறேன். நின்றதும் எழுதுகிறேன்."
அவன் எழுதியதல்ல.
முற்றுப்புள்ளி வைக்கிற பிள்ளையே அல்ல அவன்.

மேட்டில் காற்று, என்று எழுதினேன்.
வண்டி ஓட்டுகிறேன்.
தடுப்பை இறக்கியிருந்தால் காத்திரு, யாரையும் முந்தாதே.
நின்றதும் எழுதுகிறேன்.
மெதுவாகப் போ.
வண்டி ஓட்டுகிறேன்.
ஐந்தாவதும் ஆறாவதும் என்னவென்று நினைவில்லை.
ஏழாவதை அனுப்பிவிட்டு நிமிர்ந்தபோது
சாலையோரக் குச்சிகளில்
மூன்றைக் காணவில்லை.

என் அலகுக்கடியில் போயிருக்கின்றன.
பதினெட்டு டன் வண்டி,
ஒரு சிறு அதிர்வுகூட இல்லை.

நிறுத்தினேன்.
துடைப்பான்கள் மட்டும் கண்ணாடியில்
இல்லை இல்லை என்று ஆடிக்கொண்டிருந்தன.

அந்தப் பக்கம் அவனும் நின்றிருந்தான்,
கலைமான்களுக்காக.
முந்நூறு இருக்கும் என்றான் இரவில்,
கடலோர மேய்ச்சலுக்கு இறங்குகிற மந்தை.
பனி ஸ்கூட்டரில் வந்த சாமிப் பெண் ஒருத்தி கை தூக்க,
பிரேக்கைப் போட்டு எஞ்சினை அணைத்திருக்கிறான்.
அணைத்ததுதான் தாமதம்,
ஏழு மணிகள் ஒன்றன் முதுகில் ஒன்று ஏறி அடித்தனவாம்.
ஓரத்து மான் ஒன்று காதை நிமிர்த்தியது என்கிறான்.
அதை நான் நம்பவில்லை.

என் திரைக்கு வந்தது இரண்டே சொல்,
முற்றுப்புள்ளி இல்லாமல்:
"ஏழும் நீ"

"வேறு யாருமே எழுதவில்லையா?" என்று
மீனைப் பரிமாறும்போது கேட்டேன்.
"நான் ஓட்டிக்கொண்டிருப்பேன் என்று
அவர்களுக்குத் தெரியும்" என்றான்.
பிறகு மேசையில் கிடந்த என் கைபேசியை எடுத்து
கடவுச்சொல் கேட்டான்.
சொன்னேன். அவன் பிறந்த தேதி.
சிரிப்பான் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை.

மறுநாள் மூன்று குச்சிகளை நட்டேன்.
அலுவலகப் படிவத்தில், சேதத்துக்குக் காரணம் என்று
ஒரு கட்டம்.
காற்று, என்று எழுதினேன்.

பேனாவை இன்னும் மூடவில்லை.